கல்லறைக்கு ஹார்பிக் ஊத்தாதீங்க

கொழும்பில ஒரு பழைய கல்லறைக் கல்லை இல்லாமல் ஆக்குறதுக்கு புல்டோசர் தேவையில்லை. ஒரு போத்தல் ஹார்பிக், ஒரு கம்பி பிரஷ், அரை மூட்டை சீமெந்து. இவ்வளவும் போதும். செய்யிறவர்களும் எதிரிகள் இல்லை, அந்தக் கல்லுக்குக் கீழே படுத்திருக்கிறவரின் பேரப்பிள்ளைகள்தான். அன்போடு செய்கிறார்கள், காசு செலவழித்துச் செய்கிறார்கள், நவம்பர் 2க்கு முன்னுக்கு வேலை முடிய வேணும் என்று பாஸுக்கு நாலு தரம் கோல் எடுத்துச் செய்கிறார்கள்.

நான் சொல்ல வாறது இதுதான்: எங்கட கல்லறைகள் கவனிக்க ஆள் இல்லாமல் அழியிறதும் உண்மை. ஆனால் பிழையான கவனிப்பால அழியிறதுதான் எனக்குக் கூடக் கவலை. ஏனென்றால் அதை நிப்பாட்ட எங்களால முடியும்.

என் அப்பா பக்கம் கொட்டாஞ்சேனை, வேதக்காரர். அம்மா பக்கம் வெள்ளவத்தை, சைவம். அதனால வீட்டில ரெண்டு பழக்கமும் ஓடும். அம்மாவின் ஆக்களுக்குக் கல்லறை என்ற பிரச்சினையே இல்லை. கனத்தையில் எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்து, பிறகு வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ, ஒரு மாலை, ஒரு சின்ன பல்ப். அப்பாவின் ஆக்களுக்கு மாதம்பிட்டி சேமக்காலை. ஒக்டோபர் கடைசிக் கிழமை அங்கே போய்ப் பாருங்கள். பெயின்ட் டின், மண்வெட்டி, மெழுகுதிரி விற்கிறவர், பூ விற்கிறவர், "கல்லுக் கழுவணுமா அக்கா?" என்று கேட்டுக்கொண்டு பின்னால் வரும் பொடியன்கள். திருநாள் அன்றைக்கு எல்லாக் கல்லும் வெள்ளை வெளேரென்று இருக்கும். அடுத்த மே மாத மழையோடு எல்லாம் திரும்பவும் பச்சை.

எங்கட சொந்தத்தில் நடந்த ஒரு கதை. அப்பாவின் அப்பம்மாவுக்கு 1950களில் வைத்த மார்பிள் கல் ஒன்று இருந்தது. ஈயத்தில் எழுத்துப் பதித்த கல். சில எழுத்துகள் விழுந்துவிட்டன, மிச்சத்தைத் தடவித்தான் வாசிக்க வேணும். ரொறன்ரோவில் இருக்கும் ஒரு சித்தப்பா வட்ஸ்அப்பில் அந்தப் படத்தைப் பார்த்து அழுதுவிட்டார். அடுத்த கிழமையே காசு வந்தது. மேசன் பாஸ் வந்தார். இப்போது அங்கே குளியலறை டைல் ஒட்டிய ஒரு மேடையும், அதன் தலைமாட்டில் லேசரில் முகம் வெட்டிய கறுப்பு கிரானைட்டும் இருக்கிறது. பளபளவென்று நல்லாத்தான் இருக்கு. பழைய கல்லை உடைத்து மேடைக்கு உள்ளே நிரப்பிவிட்டார்கள்.

அந்தப் பழைய கல்லில் அவர் பிறந்த ஊர் இருந்தது. புதிய கல்லில் இல்லை. சித்தப்பாவுக்கு அது தேவையாகப் படவில்லை. இப்போது எங்கட ஒரு மச்சாள் குடும்ப மரம் எழுதுகிறாள், அந்த ஊர் எது என்று கேட்கிறாள். ஒரு மாமி தூத்துக்குடிப் பக்கம் என்கிறார். இன்னொருவர் மன்னார் என்று அடித்துச் சொல்கிறார். ரெண்டும் ரெண்டு வேறு சரித்திரம். ஒன்று கடல் தாண்டி வந்த குடும்பத்தின் கதை, மற்றது இந்தத் தீவுக்குள்ளேயே இடம் மாறிய குடும்பத்தின் கதை. எது எங்கட கதை என்பது டைலுக்குக் கீழே சல்லியாகக் கிடக்கிறது. ஒருவரும் படம் எடுத்து வைக்கவில்லை. வட்ஸ்அப்பில் போன படத்திலும் அந்த வரியில் பாசி.

தமிழில் கல்லும் எழுத்தும் சேர்ந்த கதை சின்னக் கதை இல்லை. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டெடுத்த நடுகல்லுகளில் ஒன்று ஆநிரை கவர்ந்த சண்டையில் செத்த ஒருவருக்கு நட்டது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழையது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதில் புகழ்ச்சி ஒன்றும் இல்லை. ஆளின் பெயர், ஊரின் பெயர், நடந்த சம்பவம். அவ்வளவுதான். எங்கட அப்பம்மாவின் கல்லிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருந்தது. அது எழுபது வருடம் தாங்கவில்லை.

சரி, கல்லுக்கு என்னதான் நடக்கிறது?

வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் இருக்கிறவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. ஏசியின் வெளி யூனிட் ரெண்டு மூன்று வருடத்தில் துருப்பிடிக்கும். ஜன்னல் கம்பியைத் தொட்டால் கையில் பிசுபிசுப்பு. அந்த உப்புக் காற்றுத்தான் சேமக்காலைக்கும் வீசுகிறது. அதோடு வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை. மழை உப்பைக் கரைத்துக் கல்லின் நுண்துளைகளுக்குள் கொண்டு போகிறது. பிறகு வெயில் எறிக்கிறது, தண்ணீர் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே பளிங்காகிறது. பளிங்கு வளர இடம் வேணும். இடம் இல்லாவிட்டால் கல்லைத் தள்ளும். இப்படி நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, கல்லின் முகம் தூள் தூளாக உதிரும். பழைய மார்பிளை விரலால் தொட்டால் சீனி மாதிரி ஒட்டுகிறதென்றால் அது இந்த நிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கல்லைத் தேய்க்கவே கூடாது.

இதே உப்பு வேலைதான் பாலைவனத்திலும் நடக்கிறது. எகிப்தில் எல் அலமெயின் என்ற இடத்தில் இரண்டாம் உலகப்போர்க் கல்லறை ஒன்று இருக்கிறது, 7,000க்கும் மேற்பட்ட கல்லுகள். சுற்றிவர மணல். மணலைச் சுமந்து வரும் காற்று எழுத்தை உரசும், பகல் சூடும் இரவுக் குளிரும் கல்லை விரித்துச் சுருக்கும், கல்லடியில் பூச்செடிக்கு ஊற்றும் தண்ணீர் நிலத்து உப்பை மேலே இழுக்கும். எங்கட ஊரில் மணல் இல்லை, பதிலாகப் பாசி. கடற்கரையும் பாலைவனமும் எதிரெதிர் என்றுதான் நினைப்போம், கல்லுக்கு அப்படி இல்லை. இன்னொன்றும் சொல்ல வேணும். அதே எல் அலமெயினில், தங்கள் சமயப்படி எரிக்கப்பட்ட 600க்கும் மேற்பட்ட படையினரின் பெயர்களுக்கென்று தனியாக ஒரு நினைவிடம் கட்டி வைத்திருக்கிறார்கள். உடல் இல்லை, சாம்பலும் இல்லை, பெயர் மட்டும் கல்லில். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "எங்கட ஆக்களுக்கும் அப்படி ஒரு சுவர் இருந்தால் நல்லாத்தான் இருக்கும்" என்றார். சாம்பலைக் கடலில் கரைக்கிற குடும்பத்து மனுஷி சொன்னது அது.

இனி ஹார்பிக். அதில் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. கொமட் கழுவத்தான் செய்தது, அந்த வேலையை நல்லாச் செய்யும். மார்பிள் என்பது கல்சியம் காபனேற்று. ஓ/எல் சயன்ஸில் படித்தது ஞாபகம் இருந்தால் மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. ஊற்றியதும் நுரைக்கிறதே, அது அழுக்குப் போகிற நுரை இல்லை, கல்லே கரைகிற நுரை. மேலே இருந்த மெல்லிய தோல் போய் அடியில் இருக்கும் புதிய வெள்ளை தெரிகிறது. பார்க்கிறவருக்கு "பளிச்" என்று இருக்கும். வெட்டின எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். தோல் உரிந்த கல் இன்னும் கூடத் தண்ணீர் குடிக்கும், இன்னும் வேகமாகப் பாசி பிடிக்கும், அடுத்த வருடம் இன்னும் ஒரு போத்தல் தேவைப்படும். எலுமிச்சம்பழம், வினிகர் என்று "இயற்கை முறை" வீடியோ அனுப்புகிறவர்களுக்கும் இதேதான் பதில். அதுவும் அமிலம்தான். குளோரின் ப்ளீச் அமிலம் இல்லை, ஆனால் காய்ந்த பிறகு கல்லுக்குள் உப்பை விட்டுப் போகும். உப்பு என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம்.

கம்பி பிரஷ் கீறும். அதோடு அதன் சின்னச் சின்ன இரும்புத் துணிக்கைகள் கல்லில் சிக்கிக்கொண்டு, அடுத்த மழைக்குச் செம்மஞ்சள் கறையாக வெளியே வரும். காய்ந்த கல்லில் சாம்பல் நிறமாக, பப்படம் மாதிரி ஒட்டியிருக்குமே, அது லைக்கன். தமிழ்நாட்டில் கறிக்கு மசாலாவாகப் போடும் கல்பாசி இதன் ஓர் இனம்தான். அதன் இழைகள் கல்லுக்குள்ளேயே இறங்கியிருக்கும். காய்ந்திருக்கும்போது சுரண்டினால் கல்லின் முகத்தையும் பிடித்துக்கொண்டுதான் வரும்.

சீமெந்து விஷயம் கொஞ்சம் நுட்பமானது. மேசன் பாஸ்மார் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். பழைய கல்லறைகளின் அடித்தளம் கபுக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ரெண்டும் மூச்சு விடும் சாமான். நிலத்தில் இருந்து ஏறும் ஈரம் அந்தச் சாந்து வழியாக வெளியே போய்விடும். சாந்து உதிர்ந்தால் திரும்பப் பூசலாம், சாந்தின் வேலையே கல்லுக்குப் பதிலாகத் தான் உதிர்வது. அதை நோண்டி எடுத்துவிட்டுச் சீமெந்து பூசினால் சாந்து கல்லை விட உறுதியாகிவிடும். ஈரத்துக்குப் போக வேற வழி இல்லை, கல்லு வழியாகப் போகும். உதிர்வதும் கல்தான். டைல் இதையே இன்னும் மோசமாகச் செய்யும். மேலே பளபளப்பு, உள்ளே எப்போதும் ஈரம். அதற்குள் பழைய இரும்புக் கம்பி ஏதாவது இருந்தால் அது துருப்பிடித்து, வீங்கி, ஒரு நாள் கல்லை ரெண்டாகப் பிளக்கும். பாஸ் "சேர், இது நூறு வருஷம் நிக்கும்" என்பார். டைல் நிற்கும்.

அப்புறம் எழுத்துக்குப் பெயின்ட் அடிக்கிறது. இதில்தான் எனக்கு ஆகக் கோபம் வரும். மங்கின எழுத்தின் மேல் கறுப்பு எனாமல். அடிக்கிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், அது அவர் பிழை இல்லை. தெரிந்தவரே அடித்தாலும் பழைய எழுத்தை அவர் கண்டிருக்க மாட்டார். ணை, லை, னை எல்லாம் துதிக்கை மாதிரி மேலே வளைந்து நிற்கும் ஐகாரம். ணா, றா, னா ஒரே எழுத்தாகச் சுழியும் ஆகாரம். 1978இல் தமிழ்நாடு அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்ற பிறகுதான் இவை மெல்ல மெல்ல அச்சில் இருந்து போயின. கல்லில் இன்னும் இருக்கின்றன. அதைப் பார்த்து "இது என்ன பிழையா வெட்டியிருக்கு" என்று தானே ஒரு எழுத்தை ஊகித்து இழுத்துவிடுவார். ஒரு கல்லில் ஒரு பெண்ணின் பெயர் முதலில் என்னவாக இருந்தது என்று பெயின்டுக்குக் கீழே கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் நின்றிருக்கிறேன். ண-வா, ன-வா? ஒரு மனுஷியின் பெயர் அது.

இப்போது புறக்கோட்டைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவில் மேட்டில் நிற்கும் வுல்வெண்டால் தேவாலயத்துக்கு வருவோம். ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தது. 1813இல் கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்தில் இருந்து ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்களை இங்கே கொண்டுவந்து திரும்ப அடக்கம் செய்தார்கள். உள்ளே நிலத்திலும் சுவரிலும் குடும்பச் சின்னம் வெட்டிய பெரிய பெரிய கல்லுகள். இருநூறு, முந்நூறு வருடத்துக்குப் பிறகும் எழுத்து வாசிக்கலாம். மேலே கூரை இருக்கிறது, ஒருவரும் அமிலம் ஊற்றவில்லை. ரகசியம் அவ்வளவுதான். இந்த மாதிரிக் கல்லுகளின் வாசகங்களைத் தொகுத்து லூடோவிசி என்பவர் 1877இல் ஒரு புத்தகம் போட்டார். சிவில் சேவையில் இருந்த பென்றி லூயிஸ் 1913இல் இலங்கை முழுவதும் உள்ள கல்லறை வாசகங்களைத் தொகுத்து இன்னொன்று போட்டார். ரெண்டும் பெரும்பாலும் ஐரோப்பியரின் கல்லுகள். கல் உடைந்தாலும் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கொழும்பில் தமிழில் வெட்டின கல்லுகளுக்கு அப்படி ஒரு தொகுப்பை நான் எந்த நூலகத்திலும் காணவில்லை. செட்டிமார், பரதவர், மலையகத்தில் இருந்து துறைமுக வேலைக்கு வந்தவர்கள், யாழ்ப்பாணத்தில் இருந்து கிளார்க் வேலைக்கு வந்தவர்கள் — எல்லாரும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். கொழும்புத் தமிழருக்கு வேர் இல்லை, வந்து போகிற ஆக்கள் என்று சொல்கிறவர்களுக்கு வாயால் பதில் சொல்லத் தேவையில்லை, அந்த வரிசைகளில் நடக்கக் கூட்டிக்கொண்டு போனால் போதும்.

ஏன் கவனிக்க ஆள் இல்லை என்பதற்கும் ஒரு திகதி இருக்கிறது. 1983 ஜூலை 24 பின்னேரம், யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட 13 படையினரின் உடல்களை அடக்கம் செய்யக் கனத்தையில் கூடிய கூட்டத்தில் இருந்துதான் பொரளையில் கலவரம் தொடங்கியது. ஒரு சேமக்காலை வாசலில் தொடங்கின விஷயம். அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து போன குடும்பங்கள் வீட்டை வித்தார்கள், சாமானை வித்தார்கள். கல்லறையை விக்க முடியாது. ஆகவே கல்லு இங்கே, பிள்ளைகள் லண்டனில், மெல்பேர்ணில், ரொறன்ரோவில். குற்ற உணர்ச்சி காசாக மாறி வருகிறது, காசு டைலாக மாறுகிறது. சித்தப்பாவை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு "இதை இப்படியே விடுங்கோ, ரெண்டு வருடத்துக்கு ஒருக்கா தண்ணீரால் கழுவினால் போதும்" என்று சொல்ல இங்கே ஒரு ஆள் இருக்கவில்லை.

காசு இருந்தால் எல்லாம் சரி என்றும் இல்லை. நிரந்தரமாகக் காசு இருக்கும் இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க கண்டியில், திருகோணமலையில், கொழும்பு லிவராமெண்டுவில் உள்ள போர்க் கல்லறைகளுக்குப் போகலாம். 1917இல் தொடங்கிய பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் உலகம் முழுக்க ஏறக்குறைய 17 இலட்சம் பேரின் பெயரைப் பராமரிக்கிறது. அவர்களுடைய கல்லும் இதே மழையில்தான் நிற்கிறது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே திருநாளுக்குத் திருநாள் இல்லை, கிழமைக்குக் கிழமை ஒருவர் வந்து புல்லு வெட்டுகிறார். ஆனால் அந்தக் கவனிப்பு யாருக்குக் கிடைத்தது என்பதையும் பார்க்க வேணும். தாய்லாந்தின் காஞ்சனபுரியில், சயாம் மரண ரயில் பாதையில் செத்த கிட்டத்தட்ட 7,000 போர்க் கைதிகளுக்கு ஆளுக்கொரு பெயர்ப் பலகை, சுற்றிவரப் பூ. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களில் இருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக் கணக்கில் செத்தார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு கல் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. முதலாம் உலகப்போரில் குறைந்தது 116,000 ஆபிரிக்க, ஆசிய வீரர்களும் தொழிலாளர்களும் பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்று அந்த ஆணையத்தின் சொந்த அறிக்கையே 2021இல் ஒத்துக்கொண்டது.

எங்கட தலைமுறைக்குக் கல்லறை என்றதும் முதலில் ஞாபகம் வாறது கோப்பாய் துயிலுமில்லம்தான். இடித்து மட்டமாக்கின நிலத்தில் 2011இல் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுக்குத் தலைமையகம் கட்டித் திறந்தார்கள். இயக்கத்தைப் பற்றி உங்கட கருத்து என்னவாகவும் இருக்கட்டும், ஒரு அம்மாவுக்குப் பிள்ளையின் கல்லுக்கு முன்னால் நிற்க இடமில்லாமல் செய்தது செய்ததுதான். பிறகு கொவிட் காலம். முஸ்லிம் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்க விட்டார்கள். கொழும்பில் செத்தவரும் நாட்டின் மற்றப் பக்கத்து வறண்ட மண்ணில். வீட்டுக்குப் பக்கத்து மையவாடியில் ஒரு மீஸான் கட்டை நாட்டி ஓதிவிட்டு வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் பேட்ச் நண்பர்கள் சிலருக்கு இருபது வயதிலேயே விளங்கிவிட்டது. இதுக்கெல்லாம் நாங்கள் போஸ்ட் போட்டோம், கோபப்பட்டோம், சரிதான். மற்றவன் இடித்தால் எங்களுக்கு உடனே தெரிகிறது. எங்கட கையால் கரைக்கும்போது நுரை மட்டும்தான் தெரிகிறது.

இதை எழுதப்போகிறேன் என்று கம்பஸில் சொன்னபோது ஒரு அண்ணா கேட்டார்: "உயிரோடு இருக்கிறவனுக்கே கொட்டாஞ்சேனையில் இடமில்லை. ஒரு அறைக்குள் ஆறு பேர் படுக்கிறான். நீ செத்தவனுக்கு அழகு பார்க்கிறாய்." நியாயமான கேள்வி, நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். டைல், கிரானைட், லேசர் முகம், பாஸின் கூலி — காசு தின்னுவது இதெல்லாம்தான். நான் சொல்லும் முறைக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு நைலோன் பிரஷும் போதும். அந்த அறையில் படுக்கும் ஆறு பேருக்கும் ஒரு தாத்தா மாதம்பிட்டியில் இருக்கிறார்தானே. பணக்காரரின் கல் கிரானைட், அது எப்படியும் நிற்கும். ஏழையின் கல் சுண்ணாம்பும் சீமெந்துப் பலகையும், அதில் ஆணியால் கீறின பெயர். முதலில் போவது அந்தப் பெயர்தான்.

அம்மா பக்கத்துப் பெரியப்பா ஒருவர் வேறு மாதிரிக் கேட்டார்: "எல்லாம் அழியத்தானே வேணும், கல்லு மட்டும் ஏன் நிக்கோணும்?" அவர் வாழ்கிற முறைக்கு அது சரி. சாம்பலைக் கடலில் கரைத்தவர் அதைச் சொல்லலாம். கல் வைத்தவர்கள் வேறு ஏதோ ஒன்றை விரும்பினார்கள், அதை நான் மதிக்க வேணும் என்று நினைக்கிறேன். இந்த விஷயத்தில் அவரும் நானும் ஒத்துவரப் போவதில்லை.

சரி, என்ன செய்யலாம்?

முதல் வேலை படம் எடுப்பது. கழுவ முன்னம், தொட முன்னம். பிற்பகல் வெயில் சாய்ந்து கல்லின் பக்கவாட்டில் விழும் நேரம் நல்லது, மங்கின எழுத்தும் நிழலால் எழும்பி நிற்கும். நிழலில் நிற்கும் கல்லுக்கு போனின் டோர்ச்சைப் பக்கத்தில் சரித்துப் பிடித்தாலே போதும், ஒரு சின்னக் கண்ணாடியால் வெயிலைத் திருப்பியும் விடலாம். சோக்குப் பொடி, மா, ஷேவிங் நுரை ஒன்றும் பூசக் கூடாது. வாசிக்கிறதை அப்படியே எழுத வேணும், எழுத்துப் பிழையோடு, பழைய எழுத்தோடு. வாசிக்க முடியாத இடத்தில் புள்ளி. ஊகித்து நிரப்பக் கூடாது.

கழுவுவது என்றால் முதலில் குடும்பத்திடம் கேட்க வேணும், குடும்பம் இல்லாவிட்டால் சேமக்காலை அலுவலகத்தில். பிறகு கல்லை நல்லா நனைத்து ஊற விடுங்கள், லைக்கன் மெதுவாகும். நைலோன் பிரஷ், பழைய பல்லுத் தூரிகை, ஐஸ்கிறீம் குச்சி. கீழே இருந்து மேலே போக வேணும். மேலே இருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் வழிந்து கோடு விழும். முழுக்க வெள்ளையாக வர வேணும் என்று நிக்காதீங்கோ. எழுபது வயதுக் கல் எழுபது வயதுக் கல் மாதிரித்தான் இருக்கும். ஒரு கல்லை வருடா வருடம் தேய்க்கவும் தேவையில்லை. வருடம் முழுக்கச் செய்ய வேண்டியது வேறு: சருகை அள்ளுவது, கல்லைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் ஒரு சின்ன வாய்க்கால் விடுவது, அரச மரக் கன்று வெடிப்பில் முளைத்தால் விரல் அளவில் இருக்கும்போதே வெட்டுவது. மெழுகுதிரியைக் கல்லின் மேல் நேரே ஒட்ட வேண்டாம், ஒரு தட்டில் மண் போட்டு அதில் குத்தலாம். ஒட்டின மெழுகுக்குச் சுடுதண்ணீர் ஊற்றினால் உருகி உள்ளே இறங்கிவிடும். இறுகின பிறகு மரக்குச்சியால் மெல்லக் கிளப்பினால் வரும். தொட்டால் சீனி மாதிரி உதிரும் கல்லுக்கு ஒன்றும் செய்யாதீர்கள். படம் மட்டும்.

புதிய கல் வைக்கவே வேணும் என்று வெளிநாட்டில் இருந்து அடம்பிடித்தால் வைக்கட்டும், பழைய கல்லை உடைக்காமல் அதன் பின்னால் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். பாஸுக்கு அது ரெண்டு நிமிஷ வேலை.

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் குழு இதைத் தொடங்க யோசிக்கிறோம். வேதக்காரப் பிள்ளைகள் மட்டும் இல்லை. வெள்ளவத்தையில் இருந்து ரெண்டு பேர், மருதானையில் இருந்து ஒருத்தி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு. தமிழில் வெட்டின கல்லுகள் முதலில், அதிலும் வரிசையில் ஆகப் பழையவை முதலில். கொண்டு வர வேண்டியது சார்ஜ் உள்ள போன், தொப்பி, தண்ணீர்ப் போத்தல், பழைய எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒரு அம்மம்மாவோ தாத்தாவோ கிடைத்தால் அவரும். ஒக்டோபர் கடைசிக் கிழமை பெயின்ட் டின்கள் வந்து இறங்கும். அதற்கு முன்னம் வாசற்பக்கத்து மூன்று வரிசைகளையாவது எடுத்து முடிக்க வேணும்.